காலனி விளக்கு எரிந்த விதம்

அனுப்புநர்
சி. ஆர்த்திகா,
த/பெ சிவபாண்டி,
முனைவர் பட்ட ஆய்வாளர் (வேதியியல்),
தெற்குக் காலனி, மேலச்சுண்டன்பட்டி,
நாகமலை புதுக்கோட்டை வழி, மதுரை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின்வாரியப் பிரிவு அலுவலகம்,
மேலச்சுண்டன்பட்டி.

பொருள்: திரு. சோணைமுத்து வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது – உண்மைக் காரணத்தைத் தெரிவித்தல் – என் மீதே புகார் அளித்தல் – இணைப்பைத் திரும்ப வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தங்கள் அலுவலகப் படியேறி இதை நேரில் சொல்ல எனக்கு முகமில்லை. ஆகவே எழுதுகிறேன்.

1. தண்ணீரை வைத்து இயங்கும் கால்சியம் அயனி மின்கலத்துக்கு மின்முனை தயாரிப்பது என் ஆய்வு. உலோகத்துக்குப் பதிலாக ஒரு கரிமச் சேர்மத்தைப் பூசிய தகடு. அது மூழ்கியிருக்க, கால்சியம் உப்பு கரைத்த தண்ணீர். தீப்பற்றாது, விலையும் குறைவு. ஆய்வகத்தில் நன்றாகவே ஓடியது. அந்தப் பூரிப்பில், மாசி மாதம் ஊராட்சி அனுமதியுடன் எங்கள் காலனி முனையில் ஒரு கம்பம் நட்டு, அந்த மின்கலத்தை ஒரு பெட்டியில் வைத்து, சோலார் தகட்டோடு விளக்காகப் பொருத்தினேன். தெருவினர் என் படம் போட்டு ஃபிளக்ஸ் கட்டினார்கள். ‘எங்கள் தெருவின் விஞ்ஞானி’ என்று அதில் இருந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

2. ஆய்வகத்தில் ஏ.சி. ஓடுகிறது. கம்பத்தில் மதுரை வெயில் அடிக்கிறது. சூட்டில் அந்தச் சேர்மம் சிறுகச் சிறுகத் தண்ணீரில் கரைந்துவிட்டது. நேற்றுதான் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வரக்காப்பி நிறத்தில் தண்ணீர் நின்றது. பங்குனி கடைசியிலேயே விளக்கு செத்துவிட்டதாம். தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது, விடுதியில் தங்கி ஞாயிறன்று மட்டும் ஊருக்கு வரும் எனக்குத்தான் தெரியவில்லை.

3. திரு. சோணைமுத்து என் சித்தப்பா. அவர் வீட்டுக்குப் போகும் சர்வீஸ் வயர் அந்தக் கம்பத்தை ஒட்டிச் செல்கிறது. அதைச் சுரண்டி ஒட்டுப்போட்டு, கடையில் வாங்கிய பல்பை மாட்டியிருக்கிறார். மீட்டருக்கு முன்னால் எடுத்தால் அது திருட்டு என்பது அவருக்குத் தெரியாது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “ஞாயித்துக்கிழம நீ வந்து பாக்கையில வெளக்கு எரியலைன்னா ஒம்மூஞ்சி சுருங்கிப் போகும்ல தாயி” என்றார். ஷாக் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கத்தினேன். அதற்கும் சிரித்தார்.

4. இனி எழுதுவதுதான் எனக்குக் கூசுகிறது. ஞாயிறுதோறும் வந்தேன். விளக்கு எரிவதைக் கீழே நின்று பார்த்தேன். வோல்ட்மீட்டர் வைத்து மின்கலத்தை அளக்கவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. பல்பு மாறியிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. ‘வெப்பத்திலும் ஒளி குறையவில்லை, சற்றுக் கூடியிருக்கிறது’ என்று நெறியாளருக்கு அறிக்கை கொடுத்தேன். பழகப் பழகக் கூடுதலாக ஒளி தரும் மின்கலம் உலகத்தில் கிடையாது. வேறொருவர் அப்படி எழுதியிருந்தால் நான் சிரித்திருப்பேன். நான் பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்தேன், அவ்வளவுதான். அந்த அறிக்கையை இன்று காலை திரும்பப் பெற்றுவிட்டேன்.

5. தங்கள் ஊழியர்கள் ஆய்வுக்கு வந்தபோது சித்தப்பா என் பெயரையே எடுக்கவில்லை. “என் வாசல் வெளிச்சத்துக்கு நாந்தாய்யா இழுத்தேன்” என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். ஊழியர்கள் விதிப்படியே அபராதம் போட்டு இணைப்பைத் துண்டித்தார்கள், அவர்கள் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஒச்சாயி சித்தி கிரைண்டரில் மாவரைத்து விற்றுத்தான் அடுப்பெரிகிறது. நேற்று நான் போனபோது, ஊறப்போட்ட அரிசியை அரைக்க வழியில்லாமல் மாட்டுத்தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். “ஒனக்கொண்ணுமில்ல ஆத்தா, நீ சாப்புட்டியா?” என்றுதான் என்னைக் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

6. ஆகவே ஐயா, அந்த வயர் இழுக்கப்பட்டது என் பொருட்டே என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அபராதத்தை என் பெயருக்கு மாற்றுங்கள். விசாரணைக்கு எப்போது அழைத்தாலும் வருகிறேன். சித்தப்பா வீட்டு இணைப்பை மட்டும் தாமதமின்றித் திரும்பக் கொடுக்கும்படி கெஞ்சிக் கேட்கிறேன். இணைப்புக் கொடுக்க வரும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், அன்று தெருவினர் பார்க்க என் பெட்டியை நானே கழற்றுகிறேன். ஃபிளக்ஸை நேற்றே அவிழ்த்துவிட்டேன்.

7. இந்த மனு எழுதுவது தெரிந்து சித்தப்பா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: “என்ன வேணா எழுது. ஒம்பேர மட்டும் போட்றாத, படிக்கிற புள்ள.” இதுவரை அவர் சொன்ன எதையும் நான் தட்டியதில்லை. இன்று தட்டுகிறேன்.

இடம்: மேலச்சுண்டன்பட்டி
நாள்: 14.07.2025

தவற்றுக்கு உரியவள்,
(ஒப்பம்)
சிவபாண்டி மகள் ஆர்த்திகா