மூன்றாவதாக வந்தவள்

9 ஜனவரி 2008, புதன்

இன்று ஆறு கிலோமீட்டர். நடுவில் இரண்டு தடவை நடந்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் மைதானத்துக்குப் போனபோது விஜயராணி பத்துச் சுற்று முடித்திருந்தாள். சந்தையில் வாங்கிய கேன்வாஸ் ஷூ. ஒன்றுக்கு லேஸ் கிடையாது, பனியன் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறாள். நான் கோயமுத்தூர் வரைக்கும் போய் வாங்கிய ஷூவோடு அவளுக்குப் பின்னால் தொங்கு தொங்கென்று ஓடுகிறேன். பனியன் கம்பெனியில் நான் செக்கிங் இன்சார்ஜ், அவள் என் டேபிளில் தைத்த பீஸ்களில் குறை பார்க்கும் பெண். அங்கே என்னை மேடம் என்பாள். மைதானத்தில் அக்கா.

"வாயால மூச்சு விடாதீகக்கா, மூக்கால விடுங்க" என்றாள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தாறு. அவள் சொன்னது சரிதான். இருந்தாலும் எரிச்சலாக வந்தது.

27 ஜனவரி, ஞாயிறு

நோட்டீஸ் வந்துவிட்டது. பிப்ரவரி 10 காலை ஆறு மணிக்கு, இருபத்தொரு கிலோமீட்டர். பெருமாநல்லூர் ரோட்டில் போய், பெருமாநல்லூரில் திரும்பி, நெருப்பெரிச்சல் வழியாக மைதானத்துக்கே வர வேண்டும். பனியன் கம்பெனிப் பெண்களுக்குத் தனிப் பரிசு: ஃப்ரிட்ஜ், டிவி, வெட் கிரைண்டர். மொத்தமே பதினொரு பெண்கள்தான் பெயர் கொடுத்திருக்கிறோம்.

எங்கள் முதலாளி மயில்சாமி அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. "நம்ம கம்பெனில இருந்து ரெண்டு பேருங்க! ஜெயிக்கோணும்னு இல்லீங்க, முடிச்சாப் போதுமுங்க" என்றார். அத்தை இப்போதே தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்கள். "என்ற மருமக பெருமாநல்லூரு போயிட்டு ஓடியே திரும்பி வரப் போறா." அத்தையோடு காய்கறிக்காரர் வண்டியிடம் போகவே கூச்சமாக இருக்கிறது.

எனக்கு ஒரே பயம். விஜயராணி முடித்து நான் முடிக்காமல் போனால்?

4 பிப்ரவரி, திங்கள்

பெருமாநல்லூரில் திரும்புகிற ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஆரஞ்சுத் துணிப்பட்டை கட்டுவார்களாம். கடைசியில் அதைக் கொடுத்தால்தான் அவ்வளவு தூரம் போனதற்கு அத்தாட்சி. பட்டை வெட்டித் தருவது எங்கள் கம்பெனி.

முதல் லாட்டில் சாயம் மங்கலாக வந்திருந்தது. ரிஜெக்ட் செய்தேன். "கையில கட்டற துண்டுக்கு எதுக்குங்க ஷேடு பாக்கறீங்க?" என்று முதலாளி சிரித்தார். "லாட்டுன்னா லாட்டுதானுங்க அண்ணா" என்றேன். சாயப்பட்டறையிலிருந்து வேறு துணி வந்து, அதில் வெட்டி அனுப்பினோம். ரிஜெக்ட் ஆன பட்டைகள் கட்டாகக் கட்டிங் டேபிளில் கிடக்கின்றன. முதலாளி எல்லோர் முன்பும் என் கண்ணைப் பாராட்டினார்.

மங்கல் என்று முதலில் பார்த்தது விஜயராணி. நான் அதைச் சொல்லவில்லை.

9 பிப்ரவரி, சனி

அடிவயிறு கனக்கிறது. முருகா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் வேண்டாம்.

10 பிப்ரவரி, ஞாயிறு

ஓடி முடித்தேன். கம்பெனிப் பெண்களில் மூன்றாம் இடம். கிரைண்டர். தூக்கம் வருகிறது.

11 பிப்ரவரி, திங்கள்

பேப்பரில் படம் வந்திருக்கிறது. கம்பெனி கேட்டில் ஒட்டி, மாலை வேறு போட்டிருந்தார்கள் — உயிரோடு இருக்கும்போதே படத்துக்கு மாலை! எல்லோருக்கும் லட்டு.

விஜயராணி நான்காவது. லட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "எப்பக்கா என்னயத் தாண்டுனீக? நான் பாக்கவே இல்லையே."

கம்பெனிக்குள் அக்கா என்கிறாள், அவ்வளவு குழப்பம் அவளுக்கு.

"நெருப்பெரிச்சல்கிட்ட. நீ கவனிச்சிருக்க மாட்டே." எச்சில் விழுங்குவது போல அவ்வளவு சுலபமாக வந்தது.

12 பிப்ரவரி, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை எழுதியது பொய். யாரும் படிக்காத நோட்டில்கூடப் பொய். என்ன பிறவி நான்?

நடந்தது இது. ஆறாவது கிலோமீட்டரில் வயிறு பிடித்துக்கொண்டது. மாதவிலக்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்டது. வழியெல்லாம் தண்ணீர் வைத்திருந்தார்கள், வாழைப்பழம் வைத்திருந்தார்கள், ஒரு பெண் ஒதுங்க ஓர் இடம் வைக்கவில்லை. எங்கள் கம்பெனி பக்கத்துச் சந்தில்தானே என்று உள்ளே போனேன். வாட்ச்மேன் திறந்துவிட்டார். பாத்ரூம் போய்விட்டு வந்து, நிற்க முடியாமல் கட்டிங் டேபிளில் படுத்தேன். கரண்ட் இல்லை. எழுந்தபோது ஏழரை மணி.

அதுவரைக்கும் நான் ஒரு தப்பும் செய்யவில்லை. நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம்.

தலைமாட்டில் அந்தப் பட்டைக் கட்டு இருந்தது. கை தானாகப் போயிற்று என்று எழுதப் பார்த்தேன். கையெல்லாம் தானாகப் போகாது. நான்தான் ஒன்றை உருவினேன், நான்தான் பல்லால் கடித்து முடிச்சுப் போட்டேன். பின்பக்க கேட் வழியாகப் போனால் நெருப்பெரிச்சல் ரோடு. பெருமாநல்லூர் போனவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள், அவர்களோடு கலந்துவிட்டேன். ஒன்பது கிலோமீட்டர் நான் ஓடவே இல்லை. சைக்கிளில் நின்ற ஒரு பெரியவர் "விடாதே கண்ணு, ஓடு ஓடு" என்று கை தட்டினார். நன்றாகவே ஓடினேன். முக்கால் மணி நேரம் படுத்து எழுந்த கால் அல்லவா?

விஜயராணி அப்போது எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள், முழு தூரமும் ஓடி.

ஏன் செய்தேன்? இன்சார்ஜ் பாதியில் நின்றுவிட்டாள், செக்கிங் பெண் முடித்துவிட்டாள் என்று அந்த டேபிளில் போய் நிற்க முடியாது. அவ்வளவுதான். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

14 பிப்ரவரி, வியாழன்

அத்தை பரிசு கிரைண்டருக்குக் குங்குமம் வைத்து, இரண்டு படி அரிசி ஊறப்போட்டு, மாவை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். "என்ற மருமக ஓடி வாங்கியாந்ததுங்க." சாயங்காலம் தெருவில் ஆளாளுக்கு "இட்லி பூவாட்டம் இருந்துச்சுங்க கிருத்திகா" என்கிறார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, குமட்டுகிறது. இரவு இட்லி எனக்கு மட்டும் இறங்கவில்லை.

16 பிப்ரவரி, சனி

ஓடி முடித்தவர்களிடம் வாங்கிய பட்டைகளை மூட்டையாகக் கம்பெனிக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேஸ்டில் போடும் முன் எண்ணிக்கை எடுக்க விஜயராணியிடம் போயிருக்கிறது. யார் அவளிடம் கொடுத்தது? நான்தான். யோசிக்கவே இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் வந்தாள். உள்ளங்கையில் ஒரே ஒரு பட்டை.

"மேடம், இது ஒண்ணு மட்டும் வேற லாட்டு."

கட்டிங் ரூமில் ஓட்டத்தன்று வெளிச்சம் இல்லை, எனக்கும் நேரம் இல்லை. ஊருக்கெல்லாம் ஷேடு பார்க்கிறவள் தன் கையில் கட்டியதைப் பார்க்கவில்லை.

"பெருமாநல்லூர்ல பட்டை கட்டுனவரு, நீதாம்மா மூணாவது பொம்பளன்னு சொன்னாரு. அத நம்பி நாங்க குடியிருக்குற காம்பவுண்டு முச்சூடும் சொல்லிப்புட்டேன். பேப்பர்ல ஒங்க படம் வந்துருச்சு. இப்ப எல்லாரும் என்னையப் புளுகின்னு சிரிக்கிறாக. எங்கம்மாவே நம்ப மாட்டேங்குது." குரல் உயரவே இல்லை. "நான் யார்ட்டயும் சொல்லல மேடம். நீங்களே சொல்லுவீகன்னுதான்..."

அந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டேபிள்ல பீஸ் தேங்கி நிக்குது. போய்ப் பாரு."

போய்ப் பார்த்தாள்.

17 பிப்ரவரி, ஞாயிறு

மைதானத்துக்குப் போகவில்லை. ஷூவைப் பரணில் போட்டேன்.

18 பிப்ரவரி, திங்கள்

அவிநாசியில் புது யூனிட் தொடங்குகிறார்கள், செக்கிங்குக்கு ஒரு நல்ல ஆள் வேண்டும் என்று முதலாளி கேட்டார். விஜயராணி பெயரைச் சொன்னேன். "கண்ணு சுத்தமுங்க அண்ணா, அவளை அனுப்புங்க." பொய்யில்லை. அவளுக்கும் நல்லதுதான், நாளைக்கே அங்கே இன்சார்ஜ் ஆவாள் —

சீ. யாருக்கு எழுதுகிறேன் இதை? அவள் முகத்தைத் தினமும் பார்க்க முடியவில்லை. அதனால் அனுப்பினேன்.

19 பிப்ரவரி, செவ்வாய்

வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். தன் லேபிள் பிரிண்டிங் ஆர்டரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "வேற யாருக்கும் தெரியாதில்ல? அப்புறம் என்ன, உடு."

திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

23 பிப்ரவரி, சனி

விஜயராணிக்கு இங்கே கடைசி நாள். அவிநாசிக்குக் காலையில் ஏழு மணிக்கு வேன், திரும்பி வர ராத்திரி ஒன்பதாகுமாம். செக்கிங் பிள்ளைகள் அவளுக்கு ஒரு டிபன் கேரியர் வாங்கிக் கொடுத்தார்கள். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என் டேபிளுக்கும் வந்தாள். "வரேன் மேடம்" என்றாள். நான் ஊசி எண்ணுவது போல டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2 மார்ச், ஞாயிறு

அத்தை கோயிலுக்குப் போன நேரமாகப் பார்த்து, கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விஜயராணி இருக்கும் காம்பவுண்டுக்குப் போனேன். ஒரே வரிசையில் பன்னிரண்டு வீடு, நடுவில் ஒரு குழாய். தண்ணீர் வருகிற நேரம். பெண்கள் எல்லோரும் குடத்தோடு நின்றார்கள். அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்றுதான் போனேன். அவள் வீட்டு வாசலிலிருந்து நகரவில்லை. "இங்கனயே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். குழாய்ச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. குழாயை யாரோ மூடினார்கள். மறுபடி சொன்னேன்.

"பேப்பர்ல வந்தது பொய்ங்க. நான் பாதி வழி ஓடவே இல்லை. மூணாவதா வந்தது உங்க விஜயராணிதான். அவ சொன்னது நெசம்."

கிரைண்டரை இறக்கி வைத்தேன். விஜயராணி, "அங்கன வச்சுட்டுப் போங்க. அது என்னுதுதான்" என்றாள். நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அவள் அம்மா ஒச்சாயி இடுப்புக் குடத்தை இறக்காமலே கிட்டே வந்தார். "சரி தாயி. ஓட்டத்துல ஏமாத்துன, ஒத்துக்கிட்ட. எம்புள்ளைய எதுக்கு அவிநாசிக்குத் தொரத்துன?"

அதற்கு நான் தயாராகப் போகவில்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அதையே சாக்காக வைத்து ஏறி வந்துவிட்டேன்.

வீட்டில் அத்தை, "கிரைண்டரு எங்க கண்ணு?" என்றார்கள். "ரிப்பேருங்க அத்தை, கடைல குடுத்திருக்கறேன்" என்றேன். ஒத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை!

5 மார்ச், புதன்

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை, படம், அவிநாசி. நெடுநேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "பேப்பர்ல வந்தாச்சு, சரக்கு வாங்கற பையரு கூட ஃபோன்ல வாழ்த்துச் சொன்னாருங்க. இப்பப் போயி இல்லைன்னு சொன்னா கம்பெனி பேரு என்னங்க ஆவறது?" என்றார்.

"படத்தையாச்சும் எடுத்துருங்க அண்ணா."

எடுக்கச் சொன்னார். ஓட்டம் நடத்தியவர்களுக்கு நானே கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. விஜயராணியைத் திருப்பிக் கூப்பிடுங்கள், நான் அவிநாசி போகிறேன் என்றேன். அதற்கு மட்டும் உடனே தலையாட்டினார். அவருக்கும் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போல.

கடிதத்தைத் தபாலில் போட்டாயிற்று.

7 மார்ச், வெள்ளி

விஜயராணி பழைய டேபிளுக்கு வந்துவிட்டாள். நான் என் டப்பா, கத்தரி எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். "உங்க அம்மா கேட்டாங்கள்ல. உன்ற மூஞ்சியப் பாக்க முடியலை, அதான் அனுப்புனேன்னு சொல்லு" என்றேன்.

"தெரியும் மேடம்" என்றாள். அக்கா என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. எவ்வளவு ஆசை எனக்கு!

9 மார்ச், ஞாயிறு

நாளையிலிருந்து ஏழு மணி வேன். எதற்குத் திடீரென்று அவிநாசி என்று அத்தை கேட்டார்கள். கம்பெனியில் அனுப்புகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, சொல்லாதே என்பது போலப் பார்த்தார்.

அத்தையை உட்கார வைத்து ஆரம்பத்திலிருந்து சொன்னேன். ரிப்பேர் என்று சொன்னதுவரைக்கும்.

அத்தை அழுவார்கள், திட்டுவார்கள் என்று நினைத்தேன். விரல் விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். "பதினேழு ஊட்டுக்கு மாவு குடுத்தேன்" என்றார்கள். "பதினேழு ஊட்டுலயும் உன்ற பெருமை பேசினேன். நாளைக்கு அவங்களுக்கு வேற ஆரோ சொன்னா, பொய் சொன்னவ நீயில்ல, நானு."

இவர், "அம்மா, இதெல்லாம் எதுக்கு?" என்றார். அத்தை முகம் கழுவி, சேலை மாற்றி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வா" என்றார்கள். கண்ணு என்று சொல்லவில்லை.

போனோம். அத்தை கதவைத் தட்டுவார்கள், நான் சொல்வேன். சில வீட்டில் சிரித்தார்கள். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், அதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. மளிகைக் கடைக்காரர் வீட்டம்மா, "அட, இதுக்குப் போயி இவ்வளவு தூரம் வந்தீங்களா?" என்றார். "ஆமாங்க" என்றார்கள் அத்தை. வழியெல்லாம் எனக்கு இரண்டு எட்டு முன்னாலேயே நடந்தார்கள்.

பதினொரு வீடு ஆயிற்று. இருட்டிவிட்டது. அத்தைக்கு முழங்கால் வலி, தைலம் தேய்த்துவிட்டேன், தேய்க்க விட்டார்கள். இன்னும் ஆறு வீடு இருக்கிறது.