இரண்டு மடங்கு வேகத்தில் கேட்ட அக்கா

வம்பளக்க ஆளில்லாமல் என்னைத் தவிக்கவிட்டுப் போன என் செல்லத் தம்பி குமாருக்கு,

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். 'நெடுவான்' முடிந்துவிட்டது. ஏழு சீசனாக நாம் கட்டிக்கொண்டு அழுத விண்கலக் கதையைப் போன வெள்ளிக்கிழமை முடித்தார்கள். முடித்தார்கள் என்றா சொல்வது? கழுத்தைத் திருகிப் போட்டார்கள்.

மருதியை ஞாபகம் இருக்கிறதா என்று உன்னிடமே கேட்டால் சிரிப்பாய். கலத்தின் எஞ்சினைப் பழுது பார்க்கிறவள், ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் பூமியிலிருக்கும் அண்ணனுக்கு ஒரு சேதி அனுப்புவாள், பதிலே வராது. நீ துபாய் ரூமிலும் நான் ஒரத்தநாட்டு வீட்டிலுமாக ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு, அவள் ஊர் போய்ச் சேருவாளா மாட்டாளா என்று எத்தனை சண்டை போட்டிருப்போம்! கடைசியில் பத்தே நிமிடத்தில் போரை நிறுத்தி, கலத்தைத் தரையிறக்கி, யாரோ ஒருத்தர் வந்து, "உங்க அண்ணன் எப்பவோ இறந்துட்டாரும்மா" என்று மருதியிடம் சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். அவள் அழக்கூட நேரம் கொடுக்கவில்லை. அதற்குள் பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன.

நீ ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாளாக அடிதடி. நான் சும்மா இருப்பேனா? "அஞ்சு மாசச் சம்பாவ நட்டுட்டுக் குறுவை மாதிரி நூறு நாள்ல அறுத்தா பதருதான்யா மிஞ்சும்" என்று போட்டேன். பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டிக்காரர் மட்டும், "ஏழு வருசம் இழுத்தாங்க, முடிச்சாங்களேன்னு சந்தோசப்படுங்கம்மா" என்றார். அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். நீ இருந்திருந்தால் எனக்கு எதிர்க்கட்சியாக அவர் பக்கம் போய் நின்றிருப்பாய்.

அப்போதுதான் நியாஸ் வாயைத் திறந்தான். முத்துப்பேட்டைக்காரன், உன்னோடு ஒரே ரூமில் இருந்தவன், இப்போது ஊரோடு வந்து ஜவுளிக்கடை வைத்திருக்கிறான். குழுவில் அதிகம் பேசாத பிள்ளை. "எழுதுனவங்களயே திட்டுறோமே அக்கா, அவங்க மெதுவா சொன்னப்ப நம்ம பொறுமையா கேட்டமா? போன ரெண்டு சீசனயும் டபுள் ஸ்பீடுல ஓட்டிதான பாத்தோம்? மருதி பேசுறதத்தான் மொதல்ல தள்ளிவிட்டோம்" என்று எழுதியிருந்தான்.

அவனுக்குச் சுடச்சுடப் பதில் அடிக்க ஆரம்பித்தேன். பாதியில் கை நின்றுவிட்டது குமார். உன் குரல் பதிவு ஞாபகம் வந்தது.

தை மாதம் நீ அனுப்பியது. பதினோரு நிமிடம். மருதிக்கு என்ன முடிவு வரும் என்ற உன் ஆராய்ச்சி. நான் கொல்லைமேட்டு வயலில் அறுப்பு மிஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மேகம் கூடிக்கொண்டு வந்தது, அடுத்த வயல்காரர் மிஷினை எப்போது விடுவீர்கள் என்று வரப்பிலேயே நின்றார். உன் பதிவுகளை எப்போதும் கேட்பதுபோல இரண்டு மடங்கு வேகத்தில் வைத்தேன். மிஷின் சத்தத்தில் மூன்று நிமிடம்கூடக் காதில் விழவில்லை. நிறுத்திவிட்டு, 'சூப்பர்டா, அப்புறம் பேசுவோம்' என்று அனுப்பினேன். மறுநாள் விடிகாலையில் நீ எழுந்திருக்கவில்லை.

உன் உடம்பு திருச்சி விமான நிலையத்துக்கு வந்து சேரவே ஒரு வாரம் ஆயிற்று. பதினாறாம் நாள் காரியத்தைக்கூடத் தகனம் முடிந்த ஐந்தாம் நாளே முடித்தோம். சொந்தக்காரர்களுக்கு லீவு இல்லை என்றார்கள், மூத்தவள் நான்தான் தலையாட்டினேன். செல்வி மட்டும், "பதினாறே இருக்கட்டுமே அண்ணி, இன்னும் கொஞ்ச நாள் அவரு பேரச் சொல்லிக்கிட்டு இருக்கலாம்ல" என்றாள். உன் பெண்டாட்டி கேட்டது அது ஒன்றுதான். அதையும் நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு உன் குரலைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நியாஸ் எழுதியதைப் படித்த அன்று மத்தியானம், மோட்டார் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து கேட்டேன். முதல் முறையாக, நீ பேசிய வேகத்திலேயே.

எவ்வளவு நிதானமாகப் பேசியிருக்கிறாய் நீ! நடுவில் டீ குடிக்கிறாய், யாருக்கோ சலாம் சொல்கிறாய். "மருதி ஊருக்குல்லாம் வர மாட்டாக்கா. நம்ம ஊருக்காரன் எழுதுனா, அவ எறங்குற எடத்துலயே தண்ணி கட்டி நாத்து வுட்டுருவா" என்கிறாய். சிரித்துவிட்டேன். ஏழாவது நிமிடத்தில் குரல் மாறுகிறது.

"அக்கா, கதைய வுடு, ஒரு நிமிசம். நேத்துலேந்து நெஞ்ச என்னமோ அழுத்துற மாதிரியே இருக்கு. கேஸாதான் இருக்கும். டாக்டர்ட்ட போவலாமா, நாளைக்குப் பாத்துக்கலாமான்னு யோசிக்கிறேன். நீ என்ன சொல்ற? செல்விட்ட சொல்லாத, பயப்படுவா." அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மருதியிடம் திரும்பிவிடுகிறாய்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியும். 'போடா மடையா, இப்பவே கெளம்பு' என்று கத்தியிருப்பேன். கத்தினால் நீ போவாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானே? அதற்காகத்தானே என்னிடம் கேட்டாய்? நீ கேட்டதற்குப் போய்ச் சேர்ந்தது 'சூப்பர்டா'. அதைப் பார்த்தபோது என்ன நினைத்தாய் குமார்? அக்காவே கவலைப்படவில்லை என்றா?

செல்வி இன்னமும் மாதம் ஒருமுறையாவது கேட்கிறாள். "கடைசியா உங்கள்ட்டதான பேசுனாரு அண்ணி, ஒடம்பு முடியலன்னு ஒரு வார்த்த சொல்லலியா?" இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். இதுவரைக்கும் தெரியாமல் சொன்ன பொய் அது. நேற்றும் கேட்டாள். நேற்றும் இல்லை என்றேன். உன் பேச்சைக் காப்பாற்றினேனா, என்னைக் காப்பாற்றிக்கொண்டேனா?

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நாற்றங்காலுக்கு விதை ஊற வைக்க வேண்டும், ஆள் சொல்ல வேண்டும். இந்த வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் செல்வியிடம் பேசிக்கொள்ளலாம் என்று மனசு நழுவுகிறது. அன்றைக்கு உனக்கு அனுப்பியதும் இதே 'அப்புறம்'தான்.

நாளைக் காலை போகிறேன். செல்வியைப் பக்கத்தில் உட்கார வைத்து, பதினோரு நிமிடத்தையும் உன் வேகத்திலேயே போட்டுக் காட்டுவேன். மருதி கதையைக்கூடத் தள்ளிவிட மாட்டேன். அதற்குப் பிறகு அவள் அழட்டும், என்னைத் திட்டட்டும், கையை ஓங்கட்டும். அவள் சொல்லி முடிக்கிறவரை நான் எழுந்திருக்க மாட்டேன். இது உனக்குச் செய்து கொடுக்கிற சத்தியம்.

நீ கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லாத
உன் அக்கா,
வசந்தா