ஒரு பார் போதும்

ராஸ் அல் கைமா
டிசம்பர் 8

அன்புள்ள மச்சானுக்கு,

வேலைக்குச் சேர்ந்த அன்று வாங்கிவைத்த போனை மேடம் இன்னும் தரவில்லை. காய்கறி வேன் அஸ்கர் அலி பாய்தான் நமக்குத் தபால்காரர்.

இது மலையடி, குளிர் எலும்பில் ஏறுகிறது. வீட்டைச் சூடாக்கும் பாய்லர், தண்ணீர் அழுத்தம் குறைந்து நின்றுவிட்டது. "உன் புருஷன் பிளம்பர்தானே, அவனிடம் கேட்டுச் செய். ஞாயிறு லீவு தருகிறேன்" என்கிறார் மேடம். பெருநாளுக்குப் பிறகு நாம் பார்க்கவே இல்லை. எப்படிச் செய்வது?

உங்கள் மனைவி
கனகா

முவைலா
டிசம்பர் 11

கனகா புள்ள,

வெளியாள் வந்தால் கூலி கேட்பான். நீ என்றால் சும்மா. ஞாயிறுக்காக எழுதுகிறேன். பாய்லரை அணைத்து ஆறவிடு. அடியில் கம்பிவலை சுற்றிய ஹோஸ் இருக்கும், அதில் இரண்டு வால்வு. மெதுவாகத் திற. ஒரு பார் போதும். உடனே மூடிவிடு.

நேரத்துக்குச் சாப்பிடு.

வீரபாண்டி

ராஸ் அல் கைமா
டிசம்பர் 14

மச்சான்,

"ஒரு பார் போதும்" என்றால் ஒருமுறை பார்த்தால் போதும் என்றல்லவா நினைத்தேன்! திறந்தேன், ஒரு பார்வை பார்த்தேன், மேடம் கூப்பிட்டார், போய்விட்டேன். திரும்பி வந்தால் தரையெல்லாம் தண்ணீர், அழுத்தம் காட்டும் முள் சிவப்பில் நிற்கிறது.

டிரைவர் தியாகு விழுந்து விழுந்து சிரித்தான். "பார்னா பாக்குறது இல்லக்கா. கிலோ, லிட்டர் மாதிரி அது அழுத்தத்துக்கு ஒரு அளவு." அவன்தான் தண்ணீரை இறக்கி முள்ளை ஒன்றில் நிறுத்தினான். வீடு இப்போது கதகதப்பு. என் அறைக்கு மட்டும் அந்தச் சூட்டுக் குழாய் வரவில்லை.

ஆனால் முள் மறுபடி இறங்குகிறது. தினமும் நிரப்புகிறேன். நாளைக்கு ஞாயிறு, லீவு; பாய் இதை இன்றே தந்துவிடுவார், வாருங்கள்.

கனகா

முவைலா
டிசம்பர் 18

கனகா,

வந்தேன். "மேடம் மாஃபி, லீவு மாஃபி, யல்லா", மேடமும் இல்லை, லீவும் இல்லை, கிளம்பு என்று வாட்ச்மேன் கேட்டிலேயே விரட்டிவிட்டான். நீ உள்ளேதான் இருந்தாய், தெரியும்.

தினமும் இறங்கினால் எங்கோ கசிகிறது. டெக்னீஷியனைக் கூப்பிடச் சொல். வாரம் ஒருநாள் லீவு சட்டத்திலேயே இருக்கிறது, அதையும் கேள். பயப்படாதே.

வீரபாண்டி

ராஸ் அல் கைமா
டிசம்பர் 22

மச்சான்,

இரண்டையும் கேட்டேன். "டெக்னீஷியன் எதற்கு, நீ இருக்கிறாயே? நீ வெளியே போனால் யார் தண்ணீர் விடுவது?" என்றார். குளிர்காலம் முடிந்ததும் லீவாம். வேலை தெரியாதவளாக இருந்தபோது லீவு தருவதாகச் சொன்னவர், தெரிந்தவள் ஆனதும் பூட்டிவிட்டார்.

இன்று நான் வால்வைத் தொடவில்லை. பாய்லர் நின்றுவிட்டது. "மறந்துபோச்சு மேடம், எனக்கு ஒண்ணும் புரியல" என்று முகத்தைப் பார்த்தே சொன்னேன். கத்தித் தீர்த்துவிட்டு டெக்னீஷியனுக்குப் போன் போடுகிறார்.

அசதியாக இருக்கிறது. இனிமேல் எனக்கு எந்த வேலையும் சொல்லித்தராதீர்கள்.

கனகா