கயிறு பிடித்தவர் இல்லாத கல்

என் அப்பாவின் உயிரைக் கையில் பிடித்திருந்த பிரிய மாமாவுக்கு,

நீங்கள் கண்மூடிய நாளிலிருந்து உங்களை நான் தொந்தரவு செய்ததில்லை. இப்போது எழுதுவது கோபத்தில்தான்.

வெள்ளைக்காரன் காலத்தில் நம் கடற்கரையின் வரலாற்றை எழுதிய சேசு சபைச் சாமியாருக்குத் துறைமுகச் சாலையில் நினைவுச்சின்னம் எழுப்புகிறார்கள். எழுப்பட்டும், அதற்குத் தகுதியானவர்தான். அவர் புத்தகத்தைக் கல்லூரியில் முப்பது ஆண்டு பாடம் நடத்தியவள் நான். ஆனால் கருங்கல்லில் என்ன செதுக்கியிருக்கிறார்கள், தெரியுமா? அவர் தம் புத்தகத்தில் எழுதிய நம் படகை. கடலுக்குள் முத்துக்குளிக்கும் அப்பா. மேலே படகில், அங்கியோடு நின்று அப்பாவை இழுத்துத் தூக்கும் கயிற்றைப் பிடித்திருப்பவர் சாமியார். துடுப்புப் போடுகிறவன்கூட இருக்கிறான். நீங்கள் இல்லை.

குளிப்பவனின் கயிற்றை மச்சானைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கே மறந்துவிட்டதா?

விழாக் குழுச் செயலாளரிடம் போனேன். நம் தெருக்காரர்தான்.

"கல்லு செதுக்கியாச்சு டீச்சர். சாமியாரு கையில ஏதாவது குடுக்கணும்லா?"

"புஸ்தகத்தக் குடுங்க. அவரு எழுதுனதுதான."

"புஸ்தகம் எல்லாச் சிலையிலயும் இருக்கு. கயிறுன்னா நம்ம ஊருக்குன்னு தனியா இருக்கும்."

"அந்தப் புஸ்தகத்த நீங்க வாசிச்சியளா?"

"இங்கிலீஷ்ல இருக்காமே டீச்சர்."

வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். கயிற்றைப் பிடித்துப் பார்க்கத் தாம் ஆசைப்பட்டதையும், படகே சிரித்ததையும், நீங்கள் தர மறுத்ததையும் சாமியார் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நீங்கள் சொன்ன பதிலை அம்மா எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாள்: "சாமி, நீங்க கைய விட்டா ஒரு பூசை வச்சிட்டுப் போயிருவிய. நான் விட்டா எந் தங்கச்சி தாலியறுத்து எங்க வீட்டுலதான் வந்து நிப்பா." அதையும் அவர் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். தமக்குக் கிடைக்காத இடத்தைக் கிடைக்கவில்லை என்றே எழுதிய மனிதர் அவர். இவர்கள் அவரைக் கொண்டாடுவதற்காக அவரையே பொய்யராக்குகிறார்கள்.

அப்பா மேலே வரத் தாமதித்த அந்த ஒரு நாளில் நீங்கள் இழுத்த இழுப்பில் உங்கள் உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. பிறகொரு நாள் கைரேகை பார்க்க வந்தவள் உங்கள் கையை விரித்துப் பார்த்துவிட்டு, "எழுத்தே இல்லையே அண்ணாச்சி" என்று எழுந்துபோனாள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்கு இன்றுவரை சிரிப்பு வரவில்லை.

"ஒரு கயிறுதான டீச்சர்" என்று செயலாளர் என்னை வழியனுப்பினார். ஆமாம், ஒரு கயிறுதான். அதன் நுனியில் அப்பா இருந்தார். அவர் மேலே வந்ததால் நான் பிறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திறப்பு விழா. சாமியாரைப் புகழ எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அவரை அவருடைய வார்த்தையாலேயே புகழ்வேன்: அந்தப் பக்கத்தை முதலில் அவர் எழுதியபடியும், பிறகு செயலாளருக்கும் புரியும்படி தமிழிலும் வாசிப்பேன். ஒலிபெருக்கியை அணைத்தால், என் வகுப்பறைக் குரல் இன்னும் போய்விடவில்லை.

அந்தக் கல்லில் ரேகையில்லாத உங்கள் கை ஏறும்வரை நான் பிடியை விடமாட்டேன், மாமா.

இப்படிக்கு,
உங்கள் ஒரே தங்கச்சியின் மகள்
செலின்