யாருக்கும் தெரியாத வசனம்

செப்டம்பர் 16
இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடிதான் எழுதுவேன். எனக்குச் சாதகமாகக்கூட எதையும் மாற்றமாட்டேன்.

என் தங்கை லூப்பேக்கு ஆறு வயது. சொல்ல வேண்டியது மனதில் இருக்கிறது. வாய்க்குத்தான் வழி தெரிவதில்லை. நாக்கு ஒவ்வொரு சத்தத்தையும் தேடித்தேடிப் போகிறது. இப்போது புதிதாகத் திக்கலும் சேர்ந்துவிட்டது. பேச்சுப் பயிற்சிக்குப் போய்த்தான் கெட்டது என்கிறார் அம்மா. எங்கள் தீவின் தலைநகர் ஆப்பியாவில், ஆஸ்பத்திரியில் பயிற்சி தரும் மெலே அக்கா, ஒற்றைச் சொல்லோடு நின்றவள் வாக்கியமாகப் பேசப் பார்ப்பதால் வருகிறது என்றார். அவள் சொல்வதை நாங்கள் முடித்துக் கொடுக்காமல் காத்திருக்கச் சொன்னார்.

செப்டம்பர் 22
பிள்ளைகளின் திருநாளான வெள்ளை ஞாயிறன்று எல்லாப் பிள்ளைகளும் தேவாலயத்தில் வசனம் சொல்ல வேண்டும். போதகரம்மா இரக்கப்பட்டு, வேதத்திலேயே மிகச் சின்ன வசனத்தை லூப்பேக்குக் கொடுத்தார். ஊரில் அது தெரியாதவரே இல்லை. ஒத்திகையில் அவள் முதல் சத்தத்தில் நின்றாள். உடனே எல்லோரும் அன்போடு சேர்ந்து சொல்லி முடித்து, கையும் தட்டினார்கள். திறந்த வாய் மூடாமல் நின்றாள்.

நானும்தான் சொன்னேன்.

செப்டம்பர் 23
லூப்பே இனி தேவாலயத்துக்கு வரமாட்டாளாம்.
"என்... என் வ-வசனத்த எடுத்துக்கிட்டாங்க."

செப்டம்பர் 25
யாருக்குமே மனப்பாடமில்லாத வசனமாக இருந்தால்?

வேதத்தில் யாரும் படிக்காத பக்கங்களில் தேடினேன். கூடாரம், பலகைகள், அளவுகள்... கடைசியில் ஆசாரியரின் அங்கி. அதன் ஓரத்தில் பொன்மணியும் மாதுளையும் மாறி மாறித் தொங்குமாம். மாதுளையை நாங்கள் பார்த்ததே இல்லை. அந்த வசனத்தில் மணியும் மாதுளையும் இரண்டு தரம் வருகின்றன.

"இதுவும் தி-திரும்பத் திரும்பச் சொல்லுது" என்று லூப்பே சிரித்தாள்.

அக்டோபர் 4
கனவில் அலைகளின் ஓரமெல்லாம் மணிகள். ஒன்று ஓய்ந்த பிறகுதான் அடுத்தது ஒலித்தது. கடல் அவசரப்படவில்லை.

அக்டோபர் 7
"சின்னதே வரலை, இதுல இவ்ளோ பெருசா? ஏன்டி அவளப் படுத்தற?" என்றார் அம்மா. போதகரம்மா வேதத்தைப் புரட்டிப் பார்த்தார்.
"இது எனக்கே தெரியாதே."
"அதுக்குத்தான்" என்றேன்.
லூப்பேயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றார்.

அக்டோபர் 13
வெள்ளை உடுப்பில் அவள் முன்னால் போய் நின்றாள். முதல் சத்தமே வரவில்லை. உதவ எத்தனையோ வாய்கள் திறந்தன. சொல்ல ஒன்றுமில்லாமல் மூடிக்கொண்டன. மின்விசிறி சுற்றியது, வெளியே கடல். மெலே அக்கா சொல்லித்தந்தபடி தொடையில் மெல்லத் தட்டினாள். மணி வந்தது. நின்றது. மாதுளை உடைந்து உடைந்து வந்தது. மறுபடி மணி, மணி, மணி... மணி எத்தனை தரம் வர வேண்டும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. முழுவதையும் அவளே சொன்னாள்.

இன்று பிள்ளைகளுக்குத்தான் முதல் பந்தி. பெரியவர்கள் பரிமாற வேண்டும். அப்பா லூப்பே முன்னால் வந்து நின்றார்.
"என்ன வேணும், கண்ணு?"
தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலைதான் அவள் கேட்பாள் என்று அப்பாவுக்குத் தெரியும்.
"சே... சே..."
கரண்டி அந்தரத்திலேயே நின்றது. பசியில் மாமா பின்னாலிருந்து முனகினார். அப்பா திரும்பவே இல்லை.

கொசுவலைக்குள் லூப்பே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: மணி, மாதுளை, மணி. விளக்கை அணைக்கப் போகிறார்கள்.