அவன் வந்தவன், அப்பா

கூப்பிட்டால் இப்போதும் கேட்கும் என்று நான் நம்புகிற என் அப்பாவுக்கு,

வருகிற புதன், தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன். சாம்பலுக்கு எரிக்கப் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவரும்படி போன ஞாயிறு கோயிலில் சொன்னார்கள். மாதா படத்துக்குப் பின்னால் நீங்கள் செருகிவைத்த ஓலைச் சிலுவையை எடுத்தேன். நடுங்குகிற கையால் மடித்தது, ஒரு பக்கம் கோணல். கொடுக்க மனம் வரவில்லை. அழுதுகொண்டே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எங்கள் ஊர் கரம்பொனில் உங்களைப்போலத் தவக்காலம் காத்தவர்கள் குறைவு. அனலைதீவுக்குப் படகு ஓட்டிய காலத்திலும் நாற்பது நாளும் மச்சமோ மாமிசமோ தொடமாட்டீர்கள். சுருட்டைப் பற்றவைக்க மாட்டீர்கள். ஆனால் தம்பி அன்ரனின் பெயரை மட்டும் ஏழு வருடம் வாயில் எடுக்கவில்லை. வேலணைச் சைவப் பெட்டையைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு போனான் என்பதுதானே அவன் செய்த குற்றம்? அம்மாவும் இல்லாத வீட்டில் நீங்களும் நானும்தான் மிஞ்சினோம்.

உங்களிடம் நான் ஒரு பொய் சொன்னேன், அப்பா. என்னை நல்ல மகள் என்று சொல்கிற ஊரும் கேட்கட்டும் என்றுதான் இதை எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்.

நீங்கள் படுக்கையில் விழுந்து பத்தாம் நாள் மத்தியானம் அன்ரன் வந்தான். மோட்டார் சைக்கிளை றோட்டில் விட்டுவிட்டு வேலிப் படலையடியில் நின்றான். கையில் தோடம்பழப் பை.

"அக்கா, அப்பாவை ஒருக்காப் பாக்கலாமோ?"

"அப்பா உன்னைப் பாக்க மாட்டாராம். போ."

நான் உங்களிடம் கேட்கவே இல்லை. நீங்கள் உள்ளே நித்திரை. அவன் பையைப் படலையில் கொழுவிவிட்டுப் போய்விட்டான். அந்தப் பழத்தைத்தான் பின்னேரம் உங்களுக்குப் பிழிந்து தந்தேன். "நல்ல இனிப்பு, பிள்ளை" என்றீர்கள். அப்புறம் கேட்டீர்கள்:

"அன்ரன் வரேல்லையோ?"

"இல்லை அப்பா. வரேல்லை."

"வந்தால் உள்ளுக்கு விடு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அதன் பிறகு மூன்று நாள் உயிரோடு இருந்தீர்கள். தொலைபேசி என் கையில்தான் இருந்தது. ஏன் அவனுக்கு எடுக்கவில்லை? உங்கள் உடம்பு தாங்காது என்று பயந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். ஏழு வருடம் உங்களைப் பார்த்து, கடைசியில் தூக்கி, துடைத்து, ஊட்டியவள் நான். எனக்கு ஒருநாளும் மலராத உங்கள் முகம் அவனைக் கண்டதும் மலர்ந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். அந்த மூன்று நாளும் வாசலைப் பார்த்தபடி கிடந்தீர்களே, அவனைத்தான் தேடினீர்களோ?

அடக்கத்தன்று அவன் கோயிலில் கடைசி வாங்கில் இருந்தான். சேமக்காலைக் குழிக்கு மண் போட வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஓலைச் சிலுவையைக் கொடுத்த அன்றே பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அஞ்சு பரலோக மந்திரம் சொல்லுங்கோ எண்டு அனுப்பிறது எனக்கு லேசு, பிள்ளை. ஆனா நீர் இதைச் சொல்லவேண்டிய ஆள் வேலணையிலை இருக்கிறார்" என்றார்.

நேற்று வேலணைக்கு பஸ் ஏறினேன். அவன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் பம்பை நிறுத்தினான். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப அப்பா என்னைக் கேட்டவரோ?"

"ஓம்."

"பேர் சொல்லியோ?"

"ஓமடா. அன்ரன் வரேல்லையோ எண்டு கேட்டவர். வந்தால் உள்ளுக்கு விடச் சொன்னவர்."

சேற்றுக் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே வரம்பில் குந்திவிட்டான். இவ்வளவு பெரிய ஆள் அப்படி அழுததை நான் கண்டதில்லை, அப்பா.

"எட்டு மாசமா அவரை மனசுக்குள்ளை ஏசிக்கொண்டு திரியிறன். செத்த மனுசனை. எல்லாம் உங்களாலை, அக்கா."

மன்னிப்புக் கேட்டேன். அது அவன் காதில் விழுந்ததோ தெரியாது.

"போங்கோ. இப்ப உங்களோடை கதைக்க ஏலாது" என்றான்.

அவன் மனைவி சுகந்தி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே வந்தாள். நான் அவளோடு முகம் கொடுத்துப் பேசியது நேற்றுத்தான். பஸ் வருகிற நேரம் என் கையைப் பிடித்தாள்.

"மாமா எப்பிடிப்பட்ட ஆள் எண்டே எனக்குத் தெரியாது, மச்சாள். இவர் வாய் திறக்கிறேல்லை. ஆனா இப்ப இவருக்கும் மாமாவைப் பற்றிக் கேக்கவேணும்போலை இருக்கும். வெள்ளிக்கிழமை வாங்கோ. இவர் ஏசினாலும் வாங்கோ."

வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பட்டினி கிடப்பது எனக்குப் பெரிய தவம் இல்லை, அப்பா. அந்த ஏழு வருடத்து உங்களை எனக்கு மட்டும் என்று பூட்டிவைத்திருந்தேன். அதைத்தான் இந்த முறை விடவேண்டும்.

தவக்காலத்து வெள்ளி ஒவ்வொன்றும் வேலணைக்குப் போவேன். வெளிச்சம் குறைந்த கண்ணோடு நீங்கள் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்து வாசிப்பதுபோல நடித்தது, மழை இரைந்தால் படகைக் கட்டச் சொல்லிக் கத்தியது, கஞ்சி சூடு என்று என்னோடு கோபித்தது, எல்லாவற்றையும் அவனுக்குச் சொல்வேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவனுடைய முதுகுக்குச் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. இதில் பொய் இல்லை.

உங்கள் மகள்,
அன்ரனின் அக்கா