இலவசமாக வந்த இணைப்பு

வெள்ளவத்தை, கொழும்பு,
ஞாயிறு காலை.

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா சுகமாக இருக்கிறா. பிரஷர் குறைந்திருக்கிறது. மழை விட்டதால் கடற்கரைப் பக்கம் நடக்கவும் போகிறா. கனடாவில், அந்த ஸ்காபரோக் குளிரில், அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஃபோன் இருக்க எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போன கிழமை நான் தொடங்கிய கதையை நீங்கள் முடிக்க விடவில்லை. கடிதத்தை இடையில் வெட்ட முடியாது.

இந்தப் புதுத் தொடர்மாடிக்கு நாங்கள் வந்த அன்றே எங்கள் வீட்டில் இன்டர்நெட் வேலை செய்தது. நீங்கள் வீடு வாங்கிய காசுக்குள் அதுவும் அடக்கம் என்று நினைத்தேன். பிறகு வந்தவர்களிடம் இணைப்புக் கட்டணம் என்று எழுபத்தையாயிரம் ரூபாய் கேட்டார்கள். இது இன்டர்நெட் கம்பனி கேட்கிற காசு அல்ல. அதற்கு மேலே, கட்டடக்காரருக்கு. சுவருக்குள் போகிற குழாய் அவர்களுடையதாம், அவர்களைக் கேட்காமல் எவரும் வயர் இழுக்க முடியாதாம். வேறொரு கம்பனியில் இருந்து வந்தவர்களைக் காவலாளி கேற்றிலேயே திருப்பி அனுப்பினார்.

மூன்றாம் மாடி ஹபீலாவை உங்களுக்குத் தெரியாது. லண்டனில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஸூமில் தமிழ் படிப்பிக்கிறவ. கணவர் பௌஸி மருதானையில் சைக்கிள் பாட்ஸ் கடையில் நிற்கிறார். வீட்டுக் கடன் போவது ஹபீலாவின் உழைப்பில்தான். அவவின் வீட்டுக்குள் ஃபோன் சிக்னல் வராது. மொட்டை மாடியில் இருந்து படிப்பித்தால் கடற்காற்றில் பிள்ளைகளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. நான்தான் எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னேன். சனி, ஞாயிறு பின்னேரங்களில் எங்கள் சாப்பாட்டு மேசைதான் அவவின் வகுப்பு. அம்மா பிளேன்ரீ ஊற்றிக் கொடுப்பா.

யாரும் கட்ட வேண்டாம், ஒன்றாக நிற்போம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னதும் நான்தான். எட்டு வீட்டார் கையொப்பம் போட்டார்கள். கார் நிறுத்துகிற இடத்தில் கட்டட மனேஜர் சூசைதாசனைக் கூப்பிட்டு வைத்துக் கேட்டோம். நான் முன்னுக்கு நின்று சத்தமாகவே கதைத்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், உங்களுக்கு உண்மையிலயே தெரியாதா? உங்கட அண்ணாவும் இந்தக் கட்டடத்தில ஒரு பங்காளி. இந்தக் கட்டணத்தைப் போடச் சொன்னதே அவர்தான். உங்கட வீட்டை மட்டும் விடச் சொன்னதும் அவர்தான்" என்றார்.

யாரும் என்னை ஏசவில்லை, அண்ணா. ஏசியிருந்தால் நல்லது. ஹபீலா மட்டும் மெல்லக் கேட்டா: "எங்கட கையொப்பத்த வாங்கினது நீங்கதானே ரூபிகா. உங்கட ஊட்டுல லைன் எப்பிடி வந்ததெண்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

எனக்குத் தெரியாது என்றேன். அதை அவர்கள் நம்புவதற்கு என்ன காரணம் இருக்கிறது?

அதன் பிறகு ஒவ்வொருவராகப் போய்க் கட்டிவிட்டார்கள். பௌஸி முதலாளியிடம் அட்வான்ஸ் எடுத்தாராம். ஹபீலா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தினா. லைன் வருவதற்குள் வகுப்புகள் தவறி, அவவிடம் படித்த பிள்ளைகளில் சிலர் வேறு ஆளிடம் போய்விட்டார்கள். ஒரு நாள் கதவைத் திறந்தால் அவ நின்றா. உள்ளே வரவில்லை. என்வலப் ஒன்றை நீட்டி, "உங்கட லைனப் பாவிச்சதுக்கு" என்றா. வாங்க மாட்டேன் என்றேன். செருப்புத் தட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டா.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு ஃபோன் எடுத்தேன். "பிஸ்னஸ் வேற, வீடு வேற. உனக்கு ஃப்ரீயாத்தானே தந்தனான், பிறகென்ன?" என்று கேட்டீர்கள். கேற்றடியில் என்னைக் கண்டால் கதையை நிறுத்துகிறார்கள், அண்ணா. அதுதான் பிறகு. அந்த இணைப்பை வெட்டச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன்.

வீடு உங்கள் பெயரில் இருக்கிறது. வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் எழும்புவோம். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டோடு சேர்ந்த சின்ன அனெக்ஸ் பார்த்து வைத்திருக்கிறேன், வாடகை என் சம்பளத்துக்குள் அடங்கும். அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. வயர் பழுது என்று சொல்லி வைத்திருக்கிறேன். காணுகிறவர்களிடம் எல்லாம் மகன் வாங்கித் தந்த வீடு என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறா. அவர்கள் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். அந்தப் பிள்ளை ஹபீலா ஏன் இப்போது வருவதில்லை என்று என்னிடம் கேட்கிறா. நான் என்ன சொல்ல?

கடவுள் உங்களையும் அண்ணியையும் பிள்ளைகளையும் ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். தை மாதம் வருவதாகச் சொன்னீர்கள். கட்டாயம் வாருங்கள். ஆனால் லிஃப்டில் நேரே எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். அவர்களிடம் வாங்கிய காசைக் கையில் எடுத்துக்கொண்டு படியால் ஏறுங்கள். எட்டு வீட்டுக் கதவையும் தட்டுங்கள். அதற்குப் பிறகு எங்கள் கதவைத் தட்டுங்கள், நான் திறக்கிறேன்.

உங்கள் தங்கை,
ரூபிகா